கண் டாக்டர் பதில்கள்: வலித்த கண்ணும் வலிக்காத கண்ணும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் ரொட்டி சானாய் போடுகிறேன். வயது 56. இனிப்புநீர் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை காலையில் கண் திறந்ததும் வலக்கண்ணில் ஊசி குத்தியது போன்ற வலி. விழித்திரை நன்றாக இருக்கிறதாம். பிறகு ஏன் வலிக்கிறது?

பதில்: ஐயா, விழித்திரை கண்ணின் பின்பக்கம். உங்கள் கோளாறு முன்பக்கம், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கருவிழியின் மேல்தோலில் இருக்கலாம். அந்தத் தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள்தான். அடியடுக்குச் செல்கள் கீழே உள்ள சவ்வைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் சவ்வு தடித்து, பிடி தளர்ந்துவிடும். இரவில் கண் காய்ந்து இமை ஒட்டிக்கொள்கிறது. காலையில் திறக்கும்போது தோலைப் பிய்த்துவிடுகிறது. எண்ணெய் போதாத கல்லில் ரொட்டி ஒட்டிக் கிழியுமே, அப்படித்தான். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் பச்சையாகத் தெரியும்.

வலித்தது என்று நீங்கள் எழுதியது எனக்கு ஓரளவு ஆறுதல். பிறை என்ற ஊரிலிருந்து ஓர் அம்மாவை, கண் சிவந்திருக்கிறது என்று மகள் அழைத்து வந்தார். பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டேன். இமை அசையவே இல்லை. "எப்போது தொடுவீர்கள், டாக்டர்?" என்று கேட்டார். நடுவில் பெரிய புண். அவருக்கு உறுத்தவே இல்லை. கருவிழியின் நரம்பு நுனிகளை இனிப்புநீர் அழித்திருந்தது. வலியை உணர்த்துவதோடு அந்த நரம்புகளின் வேலை முடிவதில்லை; கண்ணீரைத் தூண்டுவதும், புண் ஆறச் செல்களுக்கு ஊட்டம் தருவதும் அவைதான். அந்தப் புண் ஆறப் பல வாரங்கள் ஆயின.

நீங்கள் இந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். மாவுக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய பழைய சொட்டு மருந்து எதையும் விடவே கூடாது. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் ஆபத்து. படுக்கும் முன் போடும் களிம்பை டாக்டர் தருவார்.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்புநீர். கண்புரை அறுவைக்கு முன் கருவிழிச் செல்களை எண்ண வேண்டும் என்கிறார்களே? - வாசகி, சுங்கை நிபோங்.

பதில்: அவசியம் எண்ணட்டும். கருவிழியின் உட்புறத்தில் தேன்கூடு போன்ற ஒரே அடுக்குச் செல்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,500. கருவிழியில் ஊறும் நீரை வெளியேற்றித் தெளிவாக வைப்பவை அவை. போனால் மீண்டும் முளைக்காது. இனிப்புநீரில் அவற்றின் அளவும் வடிவமும் தாறுமாறாகும். அறுவையிலும் சில போகும். எத்தனை மிச்சம் என்று தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பக் கத்தி வைப்பார். செல்களை எண்ணப் படம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும், அம்மாவுக்கு வலிக்காது.