பாஸ்போட் படம் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது: அழித்தால் போதுமா?

திருகோணமலை உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறீர்கள், பாஸ்போட்டைப் போனில் படம் எடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம், வேலையை விட்டுப்போன பையனிடமும் அவை இருக்கின்றன, இப்போது ஒரு விருந்தாளி அழிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

குழுவில் மட்டும் அழித்தால் போதாது. 'எல்லோருக்கும் அழி' என்பது இரண்டு நாளைக்குள்தான் வேலை செய்யும். அதற்குள் படம் ஒவ்வொரு போனின் கேலரியிலும் இறங்கி, கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கலாம். அங்கே அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். ஆகவே போன்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேலையை விட்டுப்போன பையனை நேரில் கூப்பிட்டு உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், தப்பு அவனுடையது இல்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அதற்குத் தேவையான அளவு, தேவையான காலம், அவ்வளவுதான் வைத்திருக்கலாம். அமலாகும் திகதி தள்ளிப்போனதே என்று சாக்குச் சொல்ல வேண்டாம்.

இனிப் பதிவேட்டில் பெயரையும் பாஸ்போட் இலக்கத்தையும் கையால் எழுதி, லாச்சியில் பூட்டி வையுங்கள். நிலாவெளியில் நான் அப்படித்தான் செய்கிறேன். புறாத்தீவுக்குப் படகு பிடித்துக் கொடுப்பவருக்குப் பாஸ்போட் எதற்கு? ஆள் எண்ணிக்கை போதும்.

விருந்தாளிக்கு இன்றே பதில் போடுங்கள்: எதை அழித்தீர்கள், பதிவேட்டில் எது, ஏன் மிச்சம் என்று.