கன்றிய மணிக்கட்டும் களிம்பும்

கேள்வி: சென்ற இதழ் விமர்சனத்தில் ஒரு காதல் நாவலை, 'அன்பு என்ற பெயரில் அடக்குமுறை' என்று எழுதியிருந்தீர்கள். நாயகன் கோபக்காரன்தான். ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான், கடைசியில் திருந்தியும் விடுகிறான். கதையைக் கதையாகப் படிக்க எங்களுக்குத் தெரியாதா?
- ஒரு வாசகி

பதில்: நன்றாகத் தெரியும். காதல் நாவல் படிக்கும் பெண்களை அசடு என்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதுமே சண்டைதான். என் கோபம் எழுதியவர்மேல்.

அந்த நாவலின் நடுவில் வரும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவள் கூட வேலை பார்க்கும் நண்பனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இவன் வந்து அவளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறான். போனைப் பிடுங்கி அந்த நண்பனின் எண்ணை அழிக்கிறான். அன்று இரவு, தூங்குகிறவளின் கன்றிப்போன மணிக்கட்டில் களிம்பு தடவிக் கண்கலங்குகிறான். நம் மனசு இளகுவது அந்த இடத்தில்தான். கன்ற வைத்ததும் அதே கைதான் என்பது மறந்துபோகும்படி, களிம்புக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அவன் நல்லவன் என்று நமக்கு யார் சொன்னது? எழுத்தாளர்தான். பாதிக் கதை அவன் மனசுக்குள்ளேயே நம்மை உட்கார வைக்கிறார், சின்ன வயதில் அவன் பட்டதையெல்லாம் காட்டுகிறார். கதை சுபமாக முடியும் என்பதும் நமக்குத் தெரியும். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் முன்னால் இருப்பது தாழிட்ட கதவும் கத்துகிற ஒருவனும்தான். அவள் இடத்தில் நின்று அதே அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். அது திகில் கதை.

இந்த வழக்கம் பழையது. 1740இல் வெளிவந்த ரிச்சர்ட்சனின் 'பமீலா' என்ற ஆங்கில நாவலில், தன்னைக் கடத்தி அடைத்துவைத்த எஜமானனையே வேலைக்காரப் பெண் மணக்கிறாள். அவள் ஒழுக்கத்துக்குப் பரிசு அந்தக் கல்யாணம். 1919இல் வந்த 'தி ஷேக்' என்ற இன்னொரு ஆங்கில நாவலின் நாயகி, தன்னைக் கடத்திப் பலாத்காரம் செய்தவனையே காதலிக்கிறாள். இப்போது கடத்தல் குறைந்து, போன் பாஸ்வேர்டைக் கேட்பது வந்திருக்கிறது. துணையைத் தொடர்ந்து கண்காணித்து, நட்பைத் துண்டித்து, பயத்திலேயே வைத்திருந்தால், அடியே விழாவிட்டாலும் குற்றம் என்று 2015இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வந்தது. 5 ஆண்டு வரை சிறை. நம் நாவல்களில் அதற்குப் பெயர் 'பொசசிவ்'.

அப்புறம், நீங்கள் சொல்லும் நாவலின் நாயகி ஒரு டாக்டர். முதல் அத்தியாயத்தில் உயிருக்குப் போராடும் குழந்தையைக் காப்பாற்றுகிறாள். பத்தாவது அத்தியாயத்துக்குள் அவளுடைய நோயாளிகளைக் காணோம், தோழியைக் காணோம். கதையில் மிச்சமிருக்கும் இன்னொரு பெண் பணத்தாசை பிடித்த வில்லி. இவ்வளவு படித்தவளுக்கு அவனைத் திருத்துவது ஒன்றே வேலையாகிவிடுகிறது. மணிக்கட்டைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முரட்டு நாயகன் கதையே கூடாதா என்றால், தாராளமாக எழுதலாம். அவள் பயந்தாள் என்பதைக் கதை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவன் திருந்திவிட்டான் என்கிறீர்களே, உங்கள் கடிதம் வந்த பிறகு கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அவன் அழுகிறான், அவள் இரண்டே வரியில் மன்னிக்கிறாள். அழித்த அந்த நண்பனின் எண் அவள் போனுக்குத் திரும்பி வந்ததாக எங்கேயும் இல்லை.