கத்தி வாங்குமுன் தீயைப் பற்றிக் கேளுங்கள்: கேள்வி-பதில்

கையால் செய்த சவரக்கத்தி வாங்கினேன். முதுகிலிருந்து வாய் வரை மயில்கழுத்து நீலம். தீயில் செய்ததற்கு அதுவே அடையாளம் என்றார் விற்றவர். இரண்டு சவரத்துக்குள் கூர் போய்விடுகிறது.

இதே நீலத்தைப் பார்த்து மயங்கி நானும் ஒன்று வாங்கினேன், இதே கதைதான் நடந்தது. தோய்ச்சல் போட்ட, அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த, கார்பன் எஃகை மறுபடி சூடாக்கினால் 210 பாகை செல்சியஸ் பக்கம் வெளிர் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா. 300-ஐ நெருங்கும்போது நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறமே போதும். வாய் நீலமாகும் அளவு சூடு ஏறியிருந்தால் கடினம் இறங்கிவிட்டது, எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. முதுகு மட்டும் நீலமாக இருந்தால் குற்றமில்லை. உங்கள் கத்தியில் வாயும் நீலம், கூரும் நிற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

படத்தில் அழகாக இருந்ததால் வாங்கிவிட்டேன். என்ன எஃகு என்று கேட்கவில்லை. நல்ல கத்திதானா?

எஃகின் பெயரே தெரியாமல் நான் எப்படிச் சொல்வது? வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும்.

ஒருவர் தன் கத்தியின் கடினம் 65 என்கிறார், இன்னொருவர் 61 என்கிறார். கூடுதலாக இருப்பதை வாங்கலாமா?

எண் கூடினால் தரம் கூடும் என்ற எண்ணத்தை விற்பவர்கள்தான் வளர்த்துவிட்டார்கள். சாதாரணக் கார்பன் எஃகை 800 பாகை அளவில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 65 பக்கம் வரும். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். அதனால்தான் 175 முதல் 205 பாகை வரையிலான இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம், பெரும்பாலும் இருமுறை, வைத்து எடுக்கிறார்கள். அதுதான் டெம்பரிங். கடினத்தில் சில புள்ளிகளை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிற வேலை. 61 என்று சொல்பவர் அந்த வேலையைச் செய்திருக்கலாம். சில எஃகுகளை 64-இலும் நிறுத்துகிறார்கள், ஆனால் அதை விற்பவர் எந்த எஃகு, எத்தனை பாகை என்று விளக்க முடிய வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள்: எங்கே அளந்தார்கள்? அந்தச் சோதனையில் வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் எஃகுக்குள் அழுத்துவார்கள். குழிவாகத் தேய்த்த மெல்லிய வாயில் அதைச் செய்யவே முடியாது. முதுகுப் பக்கத்திலோ, கூடவே தோய்த்த ஒரு துண்டிலோ அளந்திருக்கலாம், அது நேர்மையான வழி. ஆனால் தோய்த்த பிறகு சுழலும் உராய்வுப் பெல்ட்டில் தேய்க்கும்போது வாய் சுட்டுப்போயிருந்தால் முதுகின் எண் அதைக் காட்டாது. எஃகின் பெயர், தோய்த்த முறை, டெம்பரிங் சூடு, நேரம் ஆகிய நான்கையும் சொல்லாமல் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்கள் மீது எனக்குப் பல வருடக் கோபம்.

புதுக் கத்தியின் வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது. எனக்குச் சாணை பிடிக்கத் தெரியவில்லை என்று விற்றவர் திட்டுகிறார்.

காசும் கொடுத்து ஏச்சும் வாங்க வேண்டியதில்லை. முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டிச் சாணைக்கல்லில் தேயுங்கள், கோணம் சற்றுக் கூடும். உதிர்வது நின்றால் வாய் மிக மெலிதாக இருந்திருக்கிறது. நன்றாகத் தேய்த்து உள் எஃகு வந்த பிறகும் உதிர்ந்தால் டெம்பரிங் போதவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். ஆறுதலான விஷயம், இது சரிசெய்யக் கூடிய குறை. செய்தவர் கைப்பிடியைக் கழற்றிவிட்டு இன்னும் பத்துப் பதினைந்து பாகை கூட்டி மறுபடி வைத்து எடுத்தால் போதும். மென்மையாகிப்போன கத்திக்கு அந்த வழி இல்லை. மெல்லிய வாயை மறுபடி தோய்த்தால் நெளிந்துவிடும். உங்கள் செலவில்லாமல் செய்து தரச் சொல்லுங்கள்.

காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சித் தோய்ப்பேன், வெப்பமானி தேவையில்லை என்கிறார் ஒரு கொல்லர். நம்பலாமா?

காந்தம் ஒட்டாமல் போவது 770 பாகையில். 1095 என்ற கார்பன் எஃகு வகை போன்றவற்றுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் சூடு வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ அவர் கண்ணுக்குப் பிடிபட்டிருந்தால் நம்பலாம். எந்த எண்ணெய் என்று கேளுங்கள். 1095 முதல் நொடியிலேயே வேகமாகக் குளிர வேண்டிய எஃகு, கைக்குக் கிடைத்த பழைய எண்ணெய் சரிப்படாது.

டமாஸ்கஸ், அதாவது கோலம் தெரியும் அடுக்கு எஃகு, என்று வாங்கினேன். கோலம் இரண்டு பக்கமும் இருக்கிறது, முதுகில் இல்லை.

மேலே பொறித்த கோலமாகத்தான் இருக்கும். அடுக்கு எஃகாக இருந்தால் கோடுகள் முதுகிலும் தொடர்ந்து ஓடும்.

ஆறு மாதம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இப்போது பிரித்தால் வாயிலிருந்து மேலே மயிரிழைக் கோடு ஒன்று தெரிகிறது. கீறலா, விரிசலா?

வந்த அன்றே பிரித்துப் பார்க்காமல் ஆறு மாதமா? கோடு இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால் விரிசல். தோய்க்கும்போதே விழும் விரிசல்கள் உண்டு, தோய்த்துவிட்டு டெம்பரிங்கைத் தள்ளிப்போட்டாலும் விழும். இரண்டுமே செய்தவரின் குறை, நீங்கள் தாமதித்ததால் வந்தவை அல்ல. கல்லில் தேய்க்காமல் இரு பக்கமும் படம் எடுத்து, ரசீதோடு அனுப்பி மாற்றுக் கத்தி கேளுங்கள். அதை முகத்தில் வைக்கவே வேண்டாம்.