அ, 4 அல்ல, அ, 7

நண்பரே, எழுத்து ஒரு பக்கமும் எண் மறுபக்கமும் உள்ள அட்டைகள்: அ, க, 4, 7. ‘உயிரெழுத்தின் பின்னால் இரட்டை எண்’ என்ற விதியைச் சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அ, 4 என்றீர்கள். வேலைவாய்ப்புத் தேர்வின் மாதிரித்தாள் அ, 7 என்கிறது. தாள்தான் சரி.

4-இன் பின்னால் க இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. இரட்டை எண் உயிரெழுத்துக்கே உரியது என்று அது சொல்லவில்லையே! 7-இன் பின்னால் ஆ இருந்தால் விதி அங்கேயே முறிந்தது. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் முன்வைத்த புதிர் இது. பெரும்பாலோர் சறுக்குவார்கள், கவலை வேண்டாம்.

குறுக்குவழிப் புத்தகங்களை மூடிவையுங்கள். எந்தக் கூற்றைக் கண்டாலும், அதைப் பொய்யாக்கக்கூடியது எது என்று முதலில் தேடுங்கள். ஆய்வகத்திலும் இதே சறுக்கல் உண்டு: ஃபியூஸ் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடவில்லை என்பதற்காக ஃபியூஸ்தான் போயிற்று என்றாகாது. கெபாசிட்டர் (மோட்டாரைக் கிளப்ப உதவும் பாகம்) கெட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.