வீட்டிலேயே ஒரு சின்ன யூஎஸ்பி டிஏசி (கம்ப்யூட்டர் தரும் எண்களைக் காதில் கேட்கும் ஒலியாக மாற்றும் பெட்டி) செய்ய முடியுமா? எனக்கு சால்டரிங் ஓரளவுதான் தெரியும்.

முடியும். நான் செய்த ஒன்று மூன்று வருடமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். கடையில் கிடைக்கும் டாங்கிள் இதைவிட மலிவு, பல சமயம் சத்தமும் நன்றாகவே இருக்கும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்ற அரிப்பு இருந்தால் மேலே படியுங்கள்.

எனக்கு அந்த அரிப்பு வந்தது பழைய லேப்டாப்பால். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்தினால் காதுக்குள் மெல்லிதாக ஒரு "கிர்ர்". விரலை எடுத்தால் நின்றுவிடும். போர்டில் ஓடும் மற்ற எல்லாவற்றின் இரைச்சலும் அனலாக் பக்கத்துக்கு, அதாவது ஹெட்போனுக்குப் போகும் மின் அலைக்கு, கசிகிறது என்று அர்த்தம். பாட்டை எண்களாகவே யூஎஸ்பி வழியாக வெளியே எடுத்துவந்து, அங்கே வைத்து ஒலியாக மாற்றினால் என்ன என்று தோன்றியது. டிஏசி செய்யும் வேலை அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்ட ஐசி பிசிஎம்2704. பர்-பிரவுன் குடும்பத்துச் சிப்பு; அந்த நிறுவனத்தை 2000-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிவிட்டது. 16 பிட் ஒலியை, 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை ஆயிரம் சாம்பிள், அதாவது ஒலியை அளந்த எண்கள்) மட்டும் எடுக்கும். "ஹை-ரெஸ்" தேடுபவர்களுக்கு ஆகாது. மற்றபடி யூஎஸ்பி பேசுவது, எண்களை அனலாக்காக மாற்றுவது, ஹெட்போனைச் சின்னதாக ஓட்டுவது (32 ஓமில் 12 மில்லிவாட்) எல்லாம் இந்த ஒரே சிப்புக்குள். டிரைவர் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் செருகினாலும் தானாகவே சவுண்டு கார்டாகத் தெரியும். ஆண்ட்ராய்டு 5.0-க்குப் பிறகு வந்த பல போன்களிலும் ஓடிஜி கேபிள் (போனில் யூஎஸ்பி சாதனத்தை மாட்ட உதவுவது) போட்டால் பாடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த வகை யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் ஒலியை ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் கணக்கு சுலபம், பொட்டலத்துக்கு 48 சாம்பிள். சிடி பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆயிற்றே, 44.1 சாம்பிளை எப்படி அனுப்புவது? ஒன்பது பொட்டலத்தில் 44, பத்தாவதில் 45. சிப்பு இந்தத் தாறுமாறான வரத்தை வாங்கி உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, வெளியே ஒரே சீராக விட வேண்டும். அதற்கான கடிகாரத்தை அந்த மில்லிவிநாடித் துடிப்பிலிருந்தே அது பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் நாம் வைக்க வேண்டியது சீராகத் துடிக்கும் ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதோடு சேரும் இரண்டு குட்டிக் கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். கிரிஸ்டலின் கால்களை நீளமாக விடாமல் ஐசிக்கு ஒட்டியே வையுங்கள்.

சரி, சால்டரிங். ஐசிக்கு 28 கால், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 0.65 மில்லிமீட்டர். பார்த்ததும் பயமாகத்தான் இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் இதற்கென்றே பச்சை நிற அடாப்டர் போர்டு கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. ஐசியை அதில் ஒட்டிவிட்டால் வெளியே வருவது சாதாரண டிப் இடைவெளிக் (பழைய பாணி அகல இடைவெளி) கால்கள், துளைகள் நிறைந்த புள்ளிப் போர்டில் செருகிக்கொள்ளலாம். வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் பாருங்கள், சில போர்டில் ஒரு பக்கம் 0.65, மறுபக்கம் 1.27. ஒட்டும் முறை: பிளக்ஸை (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) தாராளமாகத் தடவி, எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை மட்டும் முதலில் பிடிக்க வைத்து, வரிசை நேராக இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்து, பிறகு ஈயத்தைக் கால்கள் மேல் இழுத்துக்கொண்டே போங்கள். நாலு கால் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். செப்பு விக்கை (செப்பு இழைப் பின்னல்) மேலே வைத்துச் சூடாக்கினால் மிச்ச ஈயத்தை அது குடித்துவிடும். ஓரளவு சால்டரிங் தெரிந்தவருக்கு இது போதும், கை நடுக்கத்தைவிட பிளக்ஸ் பஞ்சம்தான் ஆபத்து.

நான் மாட்டிக்கொண்டது ஐசியில் இல்லை, கேபிளில். வீட்டில் கிடந்த கேபிளை வெட்டினேன். உள்ளே இரண்டே ஒயர், சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம். இன்னொன்றை வெட்டினேன், நாலு ஒயர் இருந்தது. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ் (தகவல் போகும் இரண்டு ஒயர்கள்) என்பது வழக்கம். அதை நம்பி ஒட்டினேன். செருகினால் "சாதனம் அடையாளம் தெரியவில்லை". இரண்டு நாள் ஐசியைச் சந்தேகப்பட்டு 28 காலையும் திரும்பத் திரும்பச் சுட்டேன். மூன்றாம் நாள் லினக்ஸில் கர்னல் செய்தியைப் பார்த்தபோதுதான் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது: "லோ-ஸ்பீடு". இவை யூஎஸ்பி வேக வகைகள்; இந்தச் சிப்பு ஃபுல்-ஸ்பீடு ரகம், அது ஏன் லோ-ஸ்பீடாகத் தெரிய வேண்டும்? தான் எந்த வேகம் என்பதை ஒரு சாதனம் சொல்வதே 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துத்தான். அது டி பிளஸை மேலே இழுத்தால் ஃபுல், டி மைனஸை இழுத்தால் லோ. ஆக, என் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. அந்தக் கேபிளைச் செய்தவர் பச்சையையும் வெள்ளையையும் மாற்றிப் போட்டிருக்கிறார். மாற்றி ஒட்டினேன், "பர்-பிரவுன் ஃப்ரம் டிஐ" என்று ஸ்கிரீனில் பெயர் வந்தது. நீங்கள் ஒட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, பிளக்கின் எந்தத் தகடு எந்த ஒயருக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பாட்டு வந்தது, ஆனால் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்டது, தொப்பியைக் காணோம். வெளியீட்டில் டிசியை (மாறாத நேர் மின்னழுத்தம்) தடுக்க ஒரு கெபாசிட்டர் (எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் இன்றும் கண்டென்சர் என்றுதான் சொல்வார்) வேண்டும். கையில் இருந்த 10 மைக்ரோபேரட்டைப் போட்டிருந்தேன். 32 ஓம் ஹெட்போனோடு சேர்ந்தால் அது சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடும். 220 மைக்ரோபேரட் போட்டதும் அந்த எல்லை 23 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, தொப்பி திரும்பி வந்தது. அதுவே ஆம்பிளிபயருக்குக் கொடுப்பதாக இருந்தால் 10 போதும். அதன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டாலும் எல்லை 2 ஹெர்ட்ஸுக்குள்தான்.

இனி மின்சாரம். யூஎஸ்பியின் 5 வோல்ட் சுத்தமாக இருக்காது. அதைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான் நுழைவாயிலில் 470 மைக்ரோபேரட் வைத்தேன். செருகும் கணத்தில் அது இழுத்த இழுப்பில், அதே ஹப்பில் இருந்த ஹார்டு டிஸ்க் துண்டித்துக்கொண்டது. யூஎஸ்பி விதிப்படி அங்கே 10 மைக்ரோபேரட்டுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. இப்போது ஒரு ஃபெரைட் பீடு (இரைச்சலைத் தடுக்கும் சின்ன மணி), அதன் பின் 10 மைக்ரோபேரட், ஐசியின் சப்ளைக் காலை ஒட்டி 0.1 மைக்ரோபேரட். மவுஸ் "கிர்ர்" போய்விட்டது.

ஆம்பிளிபயரில் மாட்டினால் இன்னொரு வம்பு வரலாம்: லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் "ஹம்ம்". சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிட்டது என்றால் அது கிரவுண்டு லூப் (இரண்டு சாதனங்களின் கிரவுண்டு ஒயர்கள் சேர்ந்து ஒரு வளையமாகி இரைச்சலை ஏற்றுவது), உங்கள் சால்டரிங் மேல் தப்பில்லை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். எனக்கு அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடங்காவிட்டால் ஏடியூஎம்4160 என்ற சிப்பு வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரு பக்கத்துக்கும் மின் தொடர்பைத் துண்டித்து, தகவலை மட்டும் கடத்துவது) போர்டுகள் கிடைக்கின்றன. அவை ஃபுல்-ஸ்பீடு வரை கடத்தும், நம் சிப்புக்கு அது போதும்.

அந்த 0.65-ஐப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றால், ராஸ்பெர்ரி பை பிக்கோவோடு (நிரல் ஏற்றக்கூடிய குட்டிப் போர்டு) பிசிஎம்5102ஏ என்ற டிஏசி சிப்பு வைத்த தயார் மாட்யூல் ஒன்றைச் சேர்த்தும் செய்யலாம். அதற்கு வெளியீட்டுக் கெபாசிட்டர்கூட வேண்டாம். ஆனால் ஹெட்போனை நேரடியாக ஓட்டாது, ஆம்பிளிபயர் வேண்டும். பிக்கோவுக்கு நிரலும் ஏற்ற வேண்டும். எனக்கு நிரலைவிட ஈயப் புகை தேவலை.

என் டிஏசி இப்போது ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. இந்த ஐசியில் வால்யூமைக் கூட்ட, குறைக்க, மியூட் செய்ய மூன்று கால்கள் தனியாக உண்டு. செத்துப்போன மவுஸ்களில் இருந்து பட்டன்களைக் கழற்றி அவற்றில் ஒட்டினேன். அமுக்கினால் லேப்டாப்பின் வால்யூமே ஏறி இறங்கும். அப்பாவுக்கு ஐசியும் தெரியாது, பிட்டும் தெரியாது, அந்தப் பட்டன்கள் பிடித்துவிட்டன. கட்டிலில் படுத்தபடி அமுக்க வேண்டும் என்றார். யூஎஸ்பி கேபிளை 5 மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது என்று விளக்கிப் பார்த்தேன். கடைசியில் கட்டில் நகர்ந்தது.