விருந்தினர் வானிலை கேட்கவில்லை

கேள்வி: திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ‘ஏ’ சித்தி. இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் வந்து, அறை கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். “ஆமாம் மேடம், ஆகஸ்டில் இங்கே இப்படித்தான்” என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். போகும்போது என்மேல் முறைப்பாடு எழுதிவைத்துவிட்டார். இன்னும் என்ன படிக்க வேண்டும்?

பதில்: இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் வாக்கியத்தில் குறையில்லை. அந்த அம்மையார் ஏசியைப் பாருங்கள் என்றார். நீங்கள் பருவநிலை சொன்னீர்கள்.

ஒருவர் பேச்சின் பொருளுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. சொற்களும் இலக்கணமும் தரும் நேர்ப்பொருள் ஓர் அடுக்கு. எந்த அறை, எவ்வளவு வெக்கை என்று இடம் பார்த்து நிரப்பிக்கொள்வது அடுத்தது. இதை என்னிடம், இப்போது, ஏன் சொல்கிறார் என்பது மூன்றாவது. பரீட்சைத் தாள் பெரும்பாலும் முதல் அடுக்குக்குத்தான் புள்ளி போடுகிறது. கேட்பவர் மூன்றாவது அடுக்கை எப்படி எட்டுகிறார் என்பதைத் தத்துவ அறிஞர் கிரைஸ் 1975இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார்: பேசுபவர் காரணத்தோடுதான் பேசுகிறார் என்று நம்புகிறோம், சொன்னது ஒட்டாததுபோலத் தெரிந்தால் வேறு பொருள் தேடுகிறோம். ஆகஸ்ட் வெயிலை அறிவிப்பதற்காக யாரும் மாடியிலிருந்து இறங்கி வருவதில்லை.

இந்தத் திறமை உங்களிடம் இல்லாமலில்லை. “என்ன வெயில் இது!” என்று படியேறி வரும் உறவினருக்கு நீங்கள் பதிலா சொல்கிறீர்கள்? செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறீர்கள். அந்நிய மொழியிலோ சொற்களைப் பிடிப்பதிலும் பதிலைப் பிழையின்றிக் கோப்பதிலுமே கவனம் தீர்ந்துவிடுகிறது. பார்டோவி-ஹார்லிக், டோர்னியெய் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஹங்கேரியில் இருந்தபடி ஆங்கிலம் கற்றவர்கள் இடத்துக்குப் பொருந்தாத பேச்சைவிட இலக்கணப் பிழையையே பெரிய குற்றமாகக் கருதினார்கள். அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டே கற்றவர்கள் நேர்மாறு. திருகோணமலையில் கேட்டிருந்தாலும் ஹங்கேரியின் விடைதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனிச் செய்ய வேண்டியது. ‘எ பிட்’ (கொஞ்சம்), ‘நொட் குவைட்’ (அவ்வளவாக இல்லை), ‘ஐ வொண்டர் இஃப்’ (முடியுமோ என்று பார்க்கிறேன்) போன்றவை காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பிரித்தானியர் வாயில் இவை பெரும்பாலும் குறையைச் சிறிதாக்கிக் காட்டும் சொற்கள். ஐயமிருந்தால் ஆமாம், இல்லை என்று முடிக்காமல் ஓர் உதவியை முன்வையுங்கள்: ஆள் அனுப்பி ஏசியைப் பார்க்கச் சொல்லட்டுமா? தேவையில்லை என்றால் நட்டமில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் விருந்தினரும் உங்களைப்போல ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர்களே. அவர்களிடம் சொன்னது மட்டுமே பொருளாகவும் இருக்கலாம். ஒரு கொப்பியில், விருந்தினர் சொன்னதையும் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வாருங்கள். வழக்கமான தொடர்கள் விரைவில் பிடிபடும்.

கிண்டல்தான் கடைசியில் பிடிபடுவது. அதுவரை, மின்வெட்டு நேரத்தில் ஒருவர் “லவ்லி!” என்றால் நன்றி சொல்லாதீர்கள், ஜெனரேட்டரைப் பார்க்க ஆள் அனுப்புங்கள்.