திரையை ஏன் மூடுகிறீர்கள், சகோதரி?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 28 வயது. ஊர் கடலூர் முதுநகர். ஆறு வருடம் இங்கே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். நான்கு மாதமாகப் புதுச்சேரியில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் வேலை. நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. டீ குடிக்கக் கடற்கரைச் சாலைப் பக்கம் கூட்டமாகக் கிளம்புவார்கள். முதல் வாரம் கூப்பிட்டார்கள், இப்போது அதுவும் இல்லை. பாதிப் பேச்சு ஆங்கிலத்தில். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்தவள்தானே என்ற இளக்காரம்.

போன மாதம் ஒரு பழைய வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேலை. பெயரில் ‘லை’ வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த, யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’யை மூன்று நாள் முன்பே வரைந்து வைத்திருந்தேன். கூட்டத்தில் இன்னொருவர் அதே யோசனையைக் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். டீக்கும் கூப்பிடுவதில்லை, வேலையிலும் இப்படி.

மேசைப் பக்கம் யார் வந்தாலும் திரையை மினிமைஸ் செய்துவிடுவேன், அது பழைய கடைப் பழக்கம். அங்கே ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனரில் தோற்றம், மறைவு தேதிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். 80 சதுர அடி. சம்பளத்தில் பிடித்தார்கள். துக்க வீட்டார் எதிரிலேயே முதலாளி திட்டினார். அதை விடுங்கள். இவர்களோடு எப்படி ஒட்டுவது? பழைய கடைக்கே போய்விடட்டுமா?

– பெயர் வேண்டாம், கடலூர்

அன்புச் சகோதரிக்கு,

‘அதை விடுங்கள்’ என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. டீ, ஆங்கிலம், இளக்காரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அவர்கள் உங்களை மட்டமாகப் பேசியதாக ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. அந்த பேனரைப் பற்றி எழுதும்போதுதான் சதுர அடிக் கணக்கு வரை நினைவு வைத்திருக்கிறீர்கள்.

அந்த ‘லை’ விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த எழுத்து அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் வந்ததும் திரை மூடிக்கொண்டால், இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டீக்குக் கூப்பிடுவது நின்றதும் அதனால்தான் இருக்கும்.

ஃப்ளெக்ஸ் கடையில் தப்பு மிஷினிலிருந்து இறங்கிய பிறகுதான் கண்ணில் படும். அப்போது அது காசு, அவமானம். அங்கே மறைத்து வேலை செய்தது உங்கள் குற்றமில்லை, தப்பிக்கக் கற்ற வழி. ஸ்டூடியோவில் கூட்டம் போடுவதே தப்பைப் பென்சில் கோட்டில் பிடிக்கத்தான். அங்கே அரைகுறையாகக் காட்டுவது வேலையில் சேர்த்தி. பழைய கடைக்குப் போனால் திரையை மூடும் கை இன்னும் பழகிப்போகும். போகாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் முடிக்காத ஒரு வேலையைக் கொண்டுபோய், ‘இந்த இடம் எனக்குச் சரியாக வரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். பழைய எழுத்தின் வளைவு தெரிந்த கை உங்களுடையது.

துக்க வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றீர்களே, அதை வீட்டில் யாரிடமாவது இதுவரை சொன்னீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமோ அக்காவிடமோ உட்கார்ந்து சொல்லுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.